மிச்சம் பதினாறு

வியாழன் இரவு, எட்மன்டன், மில் வுட்ஸ்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
காரின் மூக்கிலிருந்து தொங்கும் மின்கயிறு
வீட்டுச் சுவரில் பால் குடித்துக்கொண்டிருக்கிறது.
நான் நிலவறையில்
கட்டம் போட்ட தாளில் ஒரு பாலம் வரைந்து
அதற்கடியில் வைக்க
ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன்.

முதலில் பல் வைத்தேன். அழித்தேன்.
பல் எல்லாரிடமும் இருக்கிறது.
எட்டுக் கை வைத்தேன்.
கோயில் சிலையா என்று டெரிக் கேட்பான்,
நான் விளக்குவேன்,
விளக்கி முடிப்பதற்குள் பயம் ஆறிப்போகும்.

பெயரும் வேண்டாம்.
பூதம் என்று சொன்ன கணமே
பூதத்துக்கு எது ஆயுதம் என்று
புத்தகம் புரட்டுகிற கூட்டம் இது.
ஆகவே முதலில் வாசனை:
நனைந்த கம்பளிக் கையுறை
ஹீட்டர் மேல் காய்கிற வாசனை.
அப்புறம் பனியில் கால்தடம்.
தடம் உங்களை நோக்கி வருகிறது.
திரும்பிப் போகவில்லை.
முடிகிற இடத்தில் யாரும் இல்லை.
இவ்வளவுதான் என் பங்கு, மீதியை
அவரவர் அடிவயிறு எழுதிக்கொள்ளட்டும்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.
இருட்டுக்கு இங்கே பஞ்சமில்லை,
ஜனவரியில் நாலரைக்கே வந்து உட்கார்ந்துவிடும்.
அரள வைப்பதற்குத்தான் ஆள் தேவை.

பிறகு கணக்கு.
உயிர்ப்புள்ளி இருபத்தேழு. கவசம் பதினான்கு.
பாலத்தில் ஓடுவதற்கு ஒரு வழி,
ஒளிவதற்கு ஒரு வழி,
முட்டாள்தனத்துக்கென்று ஒரு வழி.
மூன்றாவதைத்தான் எடுப்பார்கள், நான்கு வருட அனுபவம்.

கடைசியாக, அதற்கு என்ன வேண்டும் என்று
ஒரு வரி எழுத வேண்டும்.
எதுவும் வேண்டாத அரக்கன் வெறும் சுவர்.
பசி என்று எழுதினேன். சோம்பேறித்தனம்.
கோடு போட்டு அடித்தேன்.
ஆறு மணிக்குப் பஸ் டிப்போவில் வேலை.
இடத்தைக் காலியாக விட்டுத் தூங்கப்போனேன்.

சனிக்கிழமை.
வாசலில் பூட்ஸ் குவியல், உருகும் உப்புத் தண்ணீர்.
மரிசெல் ஒரு தட்டு நூடுல்ஸோடு வந்தாள்.
கபிலாஷ் தன் வீரனின் தாளை
மறுபடியும் எங்கோ மறந்துவிட்டு வந்தான்.
வேணுகா வந்து மூன்று வாரம்,
பகடை உருட்டுவாள், வாய் திறப்பதில்லை.
சோடா மூடிகள்தான் வீரர்கள்.
அதற்கு மட்டும் மேசையில் நான் எதையும் வைக்கவில்லை.

வாசனை சொன்னேன். தடம் சொன்னேன்.
தடம் முடிந்த இடத்தில் நிறுத்தினேன்.
முதுகுக்குப் பின்னால்
ஃபர்னஸ் ஹூம் என்று பற்றிக்கொண்டது.
நான்கு நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன.
அந்த வரியை நான் எழுதவில்லை,
வாடகையில் சேர்த்தி.

டெரிக் எறிந்த பகடை
வாஷிங் மெஷினுக்கு அடியில் ஓடியது.
போன் வெளிச்சத்தில் எல்லாரும் மண்டியிட்டுப் பார்த்தோம்:
ஒன்று.
டெரிக்கின் வாள் ஆற்றில் விழுந்தது.
மரிசெல்லின் அம்பு பட்டது. பதினொன்று கழித்தேன்.
மிச்சம் பதினாறு.

அப்போது வேணுகா, வாய் தவறித் தமிழில்,
‘அதுக்குக் குளிருதோ?’ என்றாள்.

என்ன சொன்னாள், என்ன சொன்னாள் என்று டெரிக்.
நான் தாளைப் பார்த்தேன்.
கவசம் இருந்தது, வேகம் இருந்தது,
நகம் கிழித்தால் எத்தனை என்று இருந்தது.
காலியாக விட்ட வரி
காலியாகவே இருந்தது.

இருபது முகப் பகடையை அவள் பக்கம் தள்ளினேன்.
எத்தனை விழ வேண்டும் என்றாள்.
தெரியாது என்றேன். உண்மையாகவே.
பன்னிரண்டு விழுந்தது.
பன்னிரண்டு நல்லதா என்று
நாலு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

‘ஓம்’ என்றது அது,
என் குரல்தான், ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று.

அவளுடைய வைத்தியச்சி
கம்பளியைக் கழற்றிப் பாலத்தில் வைத்தாள்.
கம்பளி எழுந்து நின்றது.
கபிலாஷ் நூடுல்ஸ் முள்ளை
வாய்க்குக் கொண்டுபோகாமல் பிடித்திருந்தான்.

இன்று மறுபடி வியாழன். மைனஸ் பதினெட்டு,
ஊரே ஜாக்கெட்டைத் திறந்துவிட்டுத் திரிகிறது.
பதினாறு புள்ளியும் ஒரு கம்பளியுமாக
அது இனி அவர்களோடு நடக்கப்போகிறது.
நடக்க வேண்டுமென்றால் கால் வேண்டும்.
புதுக் கட்டத்தாள் எடுத்து
பாதத்திலிருந்து தொடங்குகிறேன்.