ஈட்டுத் துண்டு

பாசிக்குடா விடுதியில்
மத்தியானச் சோற்றுக்கும் இரண்டு மணி வேலைக்கும் நடுவே
இருபத்தைந்து நிமிசம் இங்கிலீசு.
சலவை அறைதான் வகுப்பு.
உலர்த்தும் மெசினின் இரும்புக் கதவு பலகை,
தேய்ந்த சவர்க்காரத் துண்டு சோக்கட்டி.
படிப்பிப்பவள் முன்மேசை ஷிஃப்னா, ஓட்டமாவடி,
என்னைவிடப் பதினேழு வயது இளையவள்.
பிழை விட்டால் சிரிக்கமாட்டாள்.
அதுதான் பயம்.

பதிவுக் கொப்பியில் நான் எழுதியிருந்தேன்:
212 கெஸ்ட் வென்ட் பீச்.
ஆள் திரும்பி வந்திட்டாரா, இன்னும் கடலிலயா?
கடலிலதான், என்றேன்.
அப்ப ஹேஸ் கோன்.
வந்து கால் கழுவிட்டார் எண்டா ஹேஸ் பீன்.
நேற்று எண்டு ஒரு சொல் வந்தா
ரெண்டும் இல்ல, வென்ட்.
நேற்றைக் கண்டால் ஹேவ்
சீட்டுக்காசு கேட்டு வருபவளைக் கண்ட என்னைப்போல
பின்கதவால் போய்விடுமாம்.

எங்களிட்டயும் ஒண்டு இருக்கே, என்றேன்.
கொழும்புக்கு நான் ஒருக்காப் போனனான்.
எந்த வருசம் என்று ஒருவரும் கேட்பதில்லை.
போனது போய்விடாமல்
என் பெயருக்குப் பின்னால் ஒரு வால் மாதிரி.
ஷிஃப்னா சவர்க்காரத்தைக் கையில் உருட்டினாள்.
அதேதான் மலர் அக்கா, எழுதுங்க.

ஆளுக்கொரு வசனம் சொல்ல வேண்டும்.
ஐந்து பேர் சோறு சாப்பிட்டிருந்தார்கள்.
இஸ்திரி யோகநாதன் எழும்பி நின்றார்:
மை வைஃப் ஹேஸ் ஆங்ரி.
நடுவில ஒரு பீன் போடுங்க அண்ணன். எப்ப இருந்து?
சின்ஸ் நைன்டீன் நைன்டி எய்ட்.
அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள்.

என் முறை.
ஈடு வைக்கிறதுக்கு என்ன சொல்?
ஃபோனில் தேடி வாயைக் குவித்துச் சொன்னாள்.
பவுனா? என்றேன்.
கிட்டத்தட்ட.

மூன்றரைப் பவுன் கொடி
வாழைச்சேனை வங்கியில்
என் பெயர் எழுதிய சின்ன உறைக்குள் கிடக்கிறது.
தோணிக்கு எஞ்சின் வாங்க வைத்தது.
எஞ்சின் வந்து சேர்ந்தபோது
சூடை மீன் போய்விட்டிருந்தது.
அதற்கு ஹேட் என்றாள்,
நேற்றுக்கும் முந்திய நேற்று.
ஒரு வருசக் கஷ்டம், ஓரெழுத்து வித்தியாசம்.

ஐ ஹேவ் என்று தொடங்கி
அந்தப் பவுனைச் சொல்லி முடித்தேன்.
சரி, என்றாள்.
சரிதான்.
கழுத்தில் இல்லை, என்னுடையதும் இல்லாமல் இல்லை.
வெறும் கழுத்தைத் தடவும் கை
இன்னும் பழக்கத்தை விடவில்லை.
பேர்ஸில் நாலாய் மடித்த துண்டு.
துண்டில் தேதி இருக்கிறது;
தேதி இருந்தால் ஹேவ் வரக்கூடாது.
வட்டிக்கு அந்தச் சட்டம் தெரியாது,
அது இன்று காலையும் கொஞ்சம் வளர்ந்தது.

வருகிற மாதம் பதினாலாம் தேதி கெடு.
மீட்டுவிட்டால் எப்படிச் சொல்வது, கேட்டேன்.
ஹேவைக் கழற்றிடுங்க. முடிஞ்ச கதைதானே.
ஏலத்தில போனால்?
அப்பவும் கழற்றத்தான் வேணும்,
கொஞ்சம் மெல்லச் சொன்னாள்.

இரண்டுக்கும் ஒரே வசனம்.
கொடியோடு வீட்டுக்கு வருகிறவளும்
துண்டைக் கிழித்துப் போட்டு வருகிறவளும்
ஒரே பஸ்ஸில் ஒரே இங்கிலீசு பேசுவார்கள்.
முகத்தைப் பார்த்துத்தான் விளங்கவேண்டும்.

மெசின் மணி அடித்தது.
யோகநாதன் கதவைத் திறக்க
எங்கள் இறந்தகாலம் எல்லாம்
அவர் சட்டைக் கையில் வெள்ளையாய் ஒட்டியது.
இருபத்திரண்டு துவாய், சூடு ஆறுமுன் மடிக்கவேண்டும்.

நடைபாதையில் ஈரக் காலடி,
212 வாசல்வரை மணல்.
கொப்பியைத் திறந்தேன்:
கெஸ்ட் ஹேஸ் கம் பேக்.
பக்கத்துக் கட்டத்தில் நேரம் போடவேண்டும், 2.10.
போட்டேன்.
பிறகு ஹேஸை வெட்டி
கேம் என்று திருத்தி
விளக்குமாறு எடுக்கப் போனேன்.