மூன்றாம் நாள், ரீகா

லேசர் முடிந்து மூன்றாம் நாள்.
இல்லாத கண்ணாடியை
மூக்கின்மேல் ஏற்றிவிடுகிறது உன் விரல்.

டிராம் விளக்குகள்
ஒளிவட்டம் கட்டிக்கொண்டு
பனியில் ஊர்கின்றன என்கிறாய்.
எனக்கு அவை வெறும் விளக்குகள்.

இருபது வருடம், ஐவார்ஸ்,
சண்டை சூடேறும்போதெல்லாம்
கண்ணாடியைக் கழற்றி
மேசையில் மடித்து வைப்பாய்.
நான் புகையாகிவிடுவேன்.
புகையோடு யார் மல்லுக்கட்டுவது?

இன்று ஹீட்டர் பில்லில் தொடங்கி
உன் தம்பியின் கடன்வரை வந்துவிட்டோம்.
காதுவரை போன உன் கை
வெறுங்கையாய்த் திரும்புகிறது.
"உன் உதடு
எப்போதுமே இப்படித்தான் நடுங்குமா?"

மணி நான்கு.
அண்ணாந்துகொள். தேய்க்காதே.
ஒரு சொட்டு விடுகிறேன்.
வேண்டுமானால் அரை நிமிடம்
மங்கலுக்குள் ஒளிந்துகொள்.