இருபத்தாறு பாகை

சாய்வுமானியில் ஒரு கண்ணை ஒட்டவைத்து
மறு கண்ணையும் மூடாமல் பார்க்க வேண்டும்.
ஒன்றில் எண் தெரியும், மற்றதில் மலை.
இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்த இடத்தில்
இருபத்தாறு.

"நல்லாப் பாரு தவமலர்" என்கிறார் வெளிக்கிராணி சத்தியசீலன்.
"இருபத்தஞ்சைத் தாண்டினா நட முடியாது லா."

தாப்பாவில் மலைச்சாலை பிரிந்து
ஐந்தாங்கட்டைக்கு உள்ளே இந்த நிலம்.
அடியில் ஈயம் தோண்டிய பள்ளம்,
இப்போது அதில் திலாப்பியா கொழுக்கிறது.
அதை ஒட்டி ஆ செங்கின் கொய்யா,
காய்க்கு ஒரு பிளாஸ்டிக் உறை.
பிறகு, விலை ஏறுமென்று யாரோ விட்டுவைத்த ரப்பர்.
பிறகு எஸ்கவேட்டர் வெட்டிய படிக்கட்டுகள்;
அவற்றில் செம்பனை மட்டுமே ஏறுகிறது,
குலை கீழே இறங்குகிறது.
அதற்கும் மேலே மேகம்.
மேகத்துக்கு என் வரைபடத்தில் நிறம் கிடையாது.

டுரியானுக்கும் கிடையாது.
சரிவில் தனியாக ஒன்று நிற்கிறது,
அடிமரத்தை மூன்று பேர் கைகோத்தாலும் எட்டாது.
சற்றுத் தள்ளி பா அசுன்,
மோட்டார்சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றாமல் குந்தியிருக்கிறார்.
பழம் விழுகிற மாதம்.
"என் மாமன் துப்பிய கொட்டை" என்றார் மலாயில்,
பட்டா காட்டுகிற தோரணையில்.

அந்தக் குழாயைக் கொடு என்று கேட்டு வாங்கினார்.
ஹெல்மெட் கண்ணாடி இடித்தது.
ஒற்றைக் கண்ணைச் சுருக்கி, "நம்பர்தான் இருக்கு" என்றார்.
இன்னொன்றையும் திறக்கச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.
"அட, நம்பர் மேலேயே நிக்குதே என் மரம்!"

பதினான்காம் நிரையில் முனியாண்டியின் சூலம் இருக்கிறது.
டிராக்டர் அங்கே வளைந்துதான் போகும்.
பதிவேட்டில் அதற்கு ஒரு வரி:
பயிரற்ற நிலம், பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டு.
அந்த வரியை எழுதியது யாரென்று
சத்தியசீலனிடம் நான் கேட்டதில்லை.
மனுசன் ஆடி மாசம் அங்கே சேவல் கொண்டுபோவதைப் பார்த்திருக்கிறேன்.

பென்சிலை எடுத்தேன்.
"இருபத்தாறுதான்" என்றேன்.
அவர் மலையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் மேலே இலைகளைக் கிழித்துக்கொண்டு
தொம்மென்று ஒன்று விழுந்தது.
விழுந்த இடத்தில் நிற்கவில்லை.
இருபத்தாறு பாகையும் உருண்டு
எல்லைக்கல்லைத் தாண்டி
முதல் படிக்கட்டில், தோட்டத்து மண்ணில்,
முள் குத்தி நின்றது.

யாருடையது?
மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.
பா அசுன் ஹெல்மெட்டோடு இறங்கி வந்தார்.
சத்தியசீலன் இடுப்பிலிருந்து பாராங்கை உருவி,
பிடியை அவர் பக்கம் திருப்பி
நீட்டினார்.