ஊசி உள்ளே இருக்கும்போது

மூன்றாம் அடவு வரை குறையொன்றும் இல்லை.
எட்டு ஜோடி, இரண்டு வரிசை,
மேல்தட்டு, கீழ்தட்டு,
எதிராளியைக் கடந்து அக்கரைக்குப் போவது.
நான்காவது, நாலு நாலு பேராய் வட்டம்.
அதுவும் அழகுதான், தனியாகப் பார்த்தால்.
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்தான்
மெகருன்னிசாவின் தோள்
ரூத் மேரியின் தாடையில் போய் இடித்தது.

ஒரு நாளா, ஒன்பது நாள்.
பேரணாம்பட்டு ஷூ கம்பெனியில்
அட்டைப்பெட்டி அடுக்கிய கொட்டகை.
ஷிப்ட் முடிந்து வேன் வருவதற்குள்
இருபத்தைந்து நிமிடம்.
கோலில் எல்லாம் பசை வாசனை.

"இவளுக்குக் காலு ரெண்டும் இடது"
யாரோ சொல்லச் சிரித்தார்கள்.
மெகருன்னிசாவும் சிரித்தாள்.
மறுநாள் ஆட்டத்துக்கு வரவில்லை.

பீஸ்ரேட் அட்டையின் பின்பக்கம்
நான் போட்ட படங்கள் இவை.
புள்ளி, அம்புக்குறி, எண்.
ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில்
வெறும் வெள்ளை.
அந்த வெள்ளையைப்
பதினாறு பெண்கள்
எப்படியோ பறந்து கடந்துவிடுவார்கள் என்று
நினைத்திருக்கிறேன் போல.

அன்றிரவு சமையலறையில்
இரண்டு கரண்டியை எடுத்துக்கொண்டு
அவளாக நின்று பார்த்தேன்.
கடந்து போகிறேன். ஆறு, ஏழு, எட்டு.
பாரம் முழுக்க வலது காலில்.
முகம் சுவரைப் பார்க்கிறது.
படம் சொல்கிறது:
வலது காலை எடு, இடப்பக்கம் திரும்பு.
எடுத்துவிட்டு எதில் நிற்பது?
சிலிண்டரில் போய் இடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை, மெஷினில்.
முப்பத்தேழாம் நம்பர், பெண்கள் ஷூவின் மேல்தோல்.
வளைவு வந்தால்
ஆறு வருடமாகச் செய்வதையே செய்தேன்:
ஊசியைத் தோலுக்குள் இறக்கி நிறுத்தி
மேலே அழுத்தும் பாதத்தைத் தூக்கி
தோலைத் திருப்பினேன்.
ஊசி வெளியே இருக்கையில் திருப்பினால்
தையல் கோணும், மேஸ்திரி கத்துவார்.
உள்ளே இருந்தால்
பழைய வரி முடிந்த துளையிலேயே
புது வரி தொடங்கும்.
எங்கே திரும்பியது என்று
போட்டுக்கொண்டு நடப்பவளுக்குத் தெரியாது.

கை நின்றுவிட்டது.
பக்கத்து மெஷின் தெய்வநாயகி கேட்டாள்,
"நூலு அறுந்துபோச்சா?"

எட்டாவது தட்டில் கோலைப் பிரிக்காதே.
இவ்வளவுதான்.
தோளுக்குப் பின்னால் விழும் அந்தத் தட்டு
விழுந்த இடத்திலேயே இருக்கட்டும்,
கோல்மேல் கோல் சாய்ந்தபடி.
அந்த முனையை ஊன்றி
வலப்பக்கமாய்ச் சுழல்.
கால் ஏற்கெனவே அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறது,
அதைத் தடுக்காமல் இருந்தால் போதும்.
சுழன்று முடிகையில்
எதிரே ஒரு முகம் இருக்கும்,
பக்கத்தில் இரண்டு.
வட்டம் வந்துவிட்டது.
எட்டைத் தனியாக எண்ண வேண்டாம்,
அதுதான் ஒன்று.

மெகருன்னிசா வீட்டு வாசலில்
அட்டையை நீட்டிச் சொன்னேன்,
"தப்பு படத்துல."
நெடுநேரம் பார்த்தாள்.
"அப்போ என் கால மாத்த வேணாமா?"
"வேணாம்."
"ஒன்பது நாளு கழிச்சு சொல்றே" என்றாள்,
தேநீர் தரவில்லை.
திங்கட்கிழமை வந்தாள்.

முதல் தடவை சரியாகப் போனபோது
யாரும் கைதட்டவில்லை.
பதினாறு பேரும் ஒரே இழுப்பில் மூச்சு விட்டது
கொட்டகைத் தகரம் வரை கேட்டது.
ரூத் மேரி மட்டும் தாடையைத் தடவிக்கொண்டாள்,
பழக்கத்தில்.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது.
சுற்றுக்கொரு படி நகர நகர
வரிசையின் முனையில் ஒரு ஜோடி
எதிரில் ஆளில்லாமல் நிற்கும்.
ஒரு சுற்று முழுக்க.
அங்கே என்ன ஆடுவது என்று கேட்கிறார்கள்.
நேற்று அங்கே மாட்டிக்கொண்டவர்கள்
தெய்வநாயகியும் மெகருன்னிசாவும்.
ஒருத்தி கோலைக் கக்கத்தில் இடுக்கி
மற்றவள் தலைமுடியில் ஒட்டிய
தோல் துணுக்கை எடுத்துப் போட்டாள்.
எண்ணவே இல்லை இருவரும்.
ஆனாலும் சரியான தட்டில் திரும்பி உள்ளே வந்தார்கள்.

அந்த இடத்தில் அட்டையில்
பென்சிலை வைத்தேன், எடுத்துவிட்டேன்.
வேன்காரர் ஹாரன் அடிக்கிறார்.