கூடாரத்தில் ராத்திரி ஷிப்ட்

கூடாரத்துக்கு எண்ணூறு, விறகு தனி
என்றான் மல்லேஷ்.
பாறையில் முளை இறங்காது;
நான்கு மூலைக் கயிற்றிலும் நான்கு கல்லைக் கட்டினான்.
ஐந்தாவதாக ஒரு கல்லை
எதற்கென்று சொல்லாமல் வாசலில் வைத்தான்.
"விளிம்புப் பக்கம் செருப்போட போகாதீங்க, வழுக்கும்."
வெறுங்காலோடு போகலாமா என்று தில்ஷாத் கேட்டது
பைக் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.

பாகலூர் ரோட்டில் பஸ்ஸை விட்டிறங்கி
ரோஜாப் பண்ணைகளின் பாலிதீன் கூரைகளைத் தாண்டி
ஒன்றரை மணி நேரம் ஏறியிருந்தோம்.
எட்டு மணி நேரம் நின்றே வேலை பார்க்கிற கால்கள்
நடையை மறந்திருந்தன.
முனிரத்னா ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்தாள்.
உட்கார்ந்ததற்கு யாரும் பெயர் எழுதிக்கொள்ளவில்லை என்பதை
மூன்றாவது முறைதான் நம்பினாள்.

உச்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை.
நிலம் சட்டென்று தீர்ந்துபோகிற இடம்.
கீழே கெலவரப்பள்ளித் தண்ணீர்.
மதகு திறந்த பக்கமெல்லாம்
ஆளுயரத்துக்கு நுரை.

பிரகாசி மூக்கையூர்க்காரி.
கடலைப் பார்த்து இரண்டு வருஷம்.
விளிம்பில் குத்துக்காலிட்டு வெகுநேரம் இருந்தாள்.
"நுரை இருக்கு, அலையைக் காணோம்.
அலை இல்லாம எப்படிடி நுரை?"

காற்று ஒரு பிடியைப் பிய்த்து
எங்கள் உயரத்துக்குக் கொண்டுவந்தது.
முட்டை வேகவைக்கும் பாத்திரத்தில் உட்கார்ந்தது அது.
முகர்ந்தோம்.
உப்பு இல்லை, மீன் இல்லை.
நான்கு பேருக்கும் தெரிந்த வாசம்தான்:
போர்டு கழுவுகிற தொட்டியிலிருந்து
கையுறைக்குள் புகுந்து
விடுதித் தலையணை வரை வருவது.
யாரும் அதைச் சொல்லவில்லை.
கேனில் சுமந்துவந்த குடிதண்ணீரில்
பாத்திரத்தை இரண்டு தடவை கழுவினோம்.

பத்து மணிக்குப் படுத்தோம்.
படுத்தோம், அவ்வளவுதான்.
ஆறு மாத ராத்திரி ஷிப்ட்
எங்களுக்கு முன்பே உள்ளே வந்து
கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தது.
முதுகுக்கடியில் பாறை
பகலில் வாங்கிய சூட்டைத் திருப்பித் தந்துகொண்டிருந்தது,
வட்டியில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக.

இரண்டு நாற்பது.
டீ மணி அடிக்கிற நேரம்.
மணி அடிக்கவில்லை;
நான்கு பேரும் எழுந்து உட்கார்ந்தோம்.
ஒருத்தி முகத்தை ஒருத்தி டார்ச்சில் பார்த்தபோது
வந்ததே ஒரு சிரிப்பு!
அடக்கச் சொல்ல ஆளில்லாததால்
எதிர்க்கரை நாய் எழுந்து குரைக்கும் வரை நீண்டது.

வெளியே வந்தோம்.
தூரத்தில் சிப்காட் வெளிச்சம்.
நம்ம கம்பெனி எது என்று தேடி
ஆளுக்கொரு கட்டடத்தைக் காட்டினோம்.
"நம்ம இடத்துல இப்ப யாரு நிக்கிறா?"
தில்ஷாத் கேட்டாள்.
நாங்கள் நிற்பதை இதுவரை
யாராவது மேட்டிலிருந்து பார்த்திருப்பார்களா என்று
எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.
"எங்கப்பா வலை விட்டுட்டு
இந்நேரம் முழிச்சுத்தான் இருப்பாரு" என்றாள் பிரகாசி.
"எங்க வீட்ல எல்லாருக்கும் நைட் ஷிப்ட்."
ஆறிய முட்டையை உரித்து
நால்வருக்கும் உப்பு தடவித் தந்தாள்.

சூரிய உதயம் பார்க்கத்தான் வந்தது.
ஐந்து மணிக்கு அந்தத் தூக்கம் வந்தது,
ஷிப்ட் முடிய ஒரு மணி இருக்கையில் வருமே, அது.
அங்கேயென்றால் தொடையைக் கிள்ளி விரட்டுவோம்.
இங்கே கிள்ளவில்லை.

மல்லேஷ் வந்து துணியைத் தட்டும்போது
மணி ஒன்பதே கால்.
"சூரியன் பாத்தீங்களா?"
முனிரத்னா தலையை மட்டும் வெளியே நீட்டி
"பாத்தோம், பாத்தோம்" என்று திரும்பப் படுத்தாள்.
கயிறுகளை அவிழ்த்து அவன் கற்களை எண்ணினான்.
ஒன்று குறைந்தது.
தில்ஷாத் அதைத் தலைக்கு வைத்து
வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.