கயிற்றுக்கு இந்தப் பக்கம்

இந்த அறையில்
உட்கார அனுமதியுள்ள ஒரே நாற்காலி என்னுடையது.
மடக்கு நாற்காலி, கதவோரம்.
மற்ற பதினேழின் மீதும்
காய்ந்த முட்பூ ஒவ்வொன்று வைத்திருக்கிறோம்,
பட்டு நசுங்காமலிருக்க.
முள்ளின் மொழி எல்லா நாட்டுக்காரருக்கும் புரிகிறது.

ஏப்ரலில் திறப்போம். அக்டோபரில் அடைப்போம்.
அரச குடும்பம் வந்து தங்கும் நாட்களில்
கயிறும் இருக்காது, நானும் இருக்கமாட்டேன்.
கம்பத்தில் கொடி ஏறும்.
ஊருக்குள் இறைச்சிக் கடைக்காரர்
சலவை செய்த ஏப்ரன் கட்டிக்கொள்வார்.

கேட்பார்கள்:
அந்தக் கடிகாரம் ஓடுகிறதா?
டிவியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள்?
இத்தனை பீங்கானையும் துடைப்பது யார்?
ஒரு சிறுமி கேட்டாள்:
ராஜாவிடம் யாராவது “தொடாதே” என்பார்களா?
கழிப்பறை எங்கே என்பதுதான் அதிகம்.
அந்தச் சிறுமியின் கேள்வி தவிர
எல்லாவற்றுக்கும் பதில் உண்டு,
அச்சடித்த நீலக் கோப்பில்.

செப்டம்பர். செவ்வாய்க்கிழமை.
நார்ஃபோக் கடலிலிருந்து சாய்ந்து வந்த மழை
சுவரின் இஞ்சிரொட்டி நிறத்தைக்
கறுப்பாக்கிக்கொண்டிருந்தது.
லீட்ஸிலிருந்து வந்த பஸ் கூட்டம் போன பிறகு
ஒருவர் வந்தார்,
பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்தபடி.
போட்டுக்கொள்ளுங்கள், பரவாயில்லை என்றேன்.
“இந்தப் பக்கம் வந்து பழக்கமில்லை” என்றார்.

அவர் கூரை ஓவியத்தைப் பார்க்கவில்லை.
பச்சைக்கல் யானைகளைப் பார்க்கவில்லை.
பெரிய சட்டத்துக்குள் நாயோடு நிற்கும்
டென்மார்க் இளவரசியைப் பார்க்கவில்லை.
நேரே சன்னலைப் பார்த்து நடந்தார்.
கயிறு வயிற்றில் இடித்ததும் நின்றார்.

பெயர் கேதர்கோல்.
முப்பத்தொரு வருடம்
இந்தப் புல்வெளியில் அகழெலி பிடித்தவர்.
திரைச்சீலைகள் விலகுமுன்
மண்மேட்டைத் தட்டிச் சமன்செய்து, விதை தூவி,
பொறிகளைச் சாக்கில் போட்டு
யூ மர வேலிக்குப் பின்னால் போய்விட வேண்டும்.
“எலிக்கும் எனக்கும் ஒரே உத்தரவு,
கண்ணில் படக்கூடாது.
ஆனால் கொடி ஏறியிருக்கிறதா என்று
நான் பார்ப்பேன். அது பார்க்காது.”

சன்னல்வரை போகலாமா என்று கேட்டார்.
நீலக் கோப்பில் இதற்குப் பதில் உண்டு,
இரண்டாம் பக்கத்திலேயே.
பதினோரு வருடத்தில் முதல்முறையாகக்
கொக்கியைக் கழற்றினேன்.
பித்தளை, லேசாகக் கீச்சிட்டது.
பக்கத்து அறை ரோவீனா எட்டிப் பார்த்துவிட்டு
எட்டிப் பார்க்காதவளானாள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் பச்சை.
ஏரி வரைக்கும் ஒரே பச்சை.
அவர் விரலால் காட்டினார்,
கண்ணாடியைத் தொடாமல்.
தேவதாரு மரத்திலிருந்து இடதாக
ஒரு பிடி அடர்ந்த பச்சை,
அதற்கப்பால் இன்னொன்று, இன்னொன்று,
பிறகு வளைந்து, ரோஜாப் பாத்திவரை,
அவசரத்தில் போட்ட தையல்போல.
“பெட்டிங்கெல் மலிவாக வாங்கிய விதை.
தலைமைத் தோட்டக்காரர்.
மேலேயிருந்து தெரியுமே என்றேன்.
தெரியாது என்றார்.”

தெரிகிறது, என்றேன்.

“தெரிகிறது” என்றார்,
பந்தயத்தில் ஜெயித்த குரலில்.

அத்தனை வருடமும் இங்கே நின்று
தேநீர் குடித்தவர்கள் பார்த்திருப்பார்களா?
நான்தான் கேட்டேன். அவர் கேட்கவில்லை.
“பார்த்திருந்தால் சொல்லியனுப்பியிருப்பார்கள்”
என்று பூட்ஸை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

அவர் மூச்சு படிந்த இடம்
கண்ணாடியில் கொஞ்ச நேரம் இருந்தது.
அதைத் துடைக்கத் தனித் துணி இருக்கிறது,
கையுறையும்.
எடுக்க எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன்.

இப்போது பச்சை எனக்கு ஒரே பச்சையாக இல்லை.
வேண்டாமென்றாலும் கண் அந்தத் தையலில் போய் நிற்கிறது.
நேற்று ஒரு பெண்மணி
கடிகாரத்தைப் பற்றிக் கேட்க வாயெடுத்தார்.
புல்வெளியைப் பாருங்கள் என்றேன்,
தேவதாருவுக்கு இடதுபுறம்.
கண்ணாடி மாட்டிக்கொண்டு நன்றாகவே பார்த்தார்.

“அழகாக வைத்திருக்கிறார்கள்” என்றார்.
பிறகு, கழிப்பறை எங்கே?

வெளியே போய் வலப்பக்கம், என்றேன்,
குதிரை லாயத்தைத் தாண்டி.