இருபத்திரண்டாவது கிண்ணம்

முதல் கிண்ணத்தில் ஒரு குறையும் இல்லை.
கரண்டி, உறிஞ்சல், துப்பல்.
சாந்தோஸிலிருந்து வந்த மூட்டையில்
ஈரக்கோணி வாடை என்றேன்.
ஓரெஸ்தே எழுதிக்கொண்டான்.

பன்னிரண்டாவதில் இடது இமை இறங்கி,
கடையடைக்கும் நேரத்து இரும்புக் கதவைப்போல
பாதியில் சிக்கி நின்றது.
இருபத்திரண்டாவதில் வாய்க்கு உறிஞ்ச மறந்துபோனது;
காப்பி மோவாய் வழியே கழுத்துப்பட்டைக்குப் போயிற்று.
திரியெஸ்தே துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம்,
ஒரு சொட்டு சிந்தியதில்லை நான்.

ஊசி, மின்கம்பி, மார்புப் படம்.
பிறகு ஒரு பெயர் கிடைத்தது: மயஸ்தீனியா.
நரம்பு ஆள் அனுப்புகிறது, தசை கதவு திறக்க வேண்டும்;
பூட்டுத் துளையில் என் இரத்தமே
மெழுகை ஊற்றி அடைத்துவிட்டதாம்,
அந்நியன் வீடு என்று நினைத்து.

கார்ஸோ மேட்டின் ஆய்வகத்துக்கு
ஆறு குழாய் கொடுத்தேன்.
யாஸ்னா குஷ்டின் எண்ணினாள்,
என் வெள்ளணுக்களின் முதுகில்
அடினோசின் ஏற்பிகள் எத்தனை என்று.
"குறைவுதான்" என்றாள், மழுப்பாமல்.

அடினோசின்,
உடல் எரித்த விறகின் சாம்பல்.
உழைக்க உழைக்கச் சேரும்.
ஏற்பியில் போய் உட்கார்ந்து
அது சொல்வது ஒரே சொல்: போதும்.
மூளையிடம் சொன்னால் தூக்கம் வரும்.
கொதித்து நிற்கும் அணுவிடம் சொன்னால்
கத்தி உறைக்குப் போகும்.
என் அணுக்களுக்குக் காது போதவில்லை.
போர் முடிந்த சேதி எட்டாத படை
இன்னும் சுட்டுக்கொண்டிருக்கிறது.

பிறகு கொஞ்சம் தயங்கி ஒன்று சொன்னாள்:
கஃபீன் வந்து உட்காருவதும் அதே இடத்தில்தான்.
ஒன்றும் பேசாது. ரயிலில் துண்டு போட்டவன் மாதிரி
இடத்தை மட்டும் பிடித்துவைக்கும்.
சிரித்தேன். சிரிப்பு உதட்டிலேயே பாதியில் நின்றது;
அது நோய், வருத்தம் அல்ல.
"காப்பியால் வந்ததில்லை" என்றாள் அவசரமாக.
தெரியும். நான் துப்பியதுதானே எல்லாம்.

எலிகளுக்கு ஒரு மருந்து இருக்கிறதாம்,
அந்த ஏற்பியைத் தட்டி எழுப்ப.
கம்பியில் கூடுதல் நேரம் தொங்கினவாம்.
எவ்வளவு?
நாற்பது நொடி.
எனக்கு எப்போது?
தோளைக் குலுக்கினாள்.
அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
எத்தனை லேசாக ஏறி, இறங்கியது.

நேற்று போரா வீசியது.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருந்தார்கள்.
மாலை ஐந்து; என் விரல்கள் கயிற்றைப் பற்றாத வேளை.
தபால்காரி எத்வீஜே கேட்காமலே
இடுப்பில் கைகொடுத்துக் கடத்தினாள்.
காற்று முகத்தில் அறைந்தது, பச்சைப் பனிக்கட்டியாக.
குளிரில் என் இமை உயரும்;
மருத்துவமனையில் ஐஸ் வைத்துப் பார்த்ததும் இதைத்தான்.
கண் முழுதாய்த் திறந்துகொண்டது.
கடல் முழுக்க வெள்ளைப் பல்,
கரையேற முடியாமல் ஒரு சரக்குக் கப்பல்,
அதில் யாருடைய மூட்டைகளோ.

இரண்டு நிமிடம் இருக்கும்.
கஃபேயின் கதகதப்புக்குள் நுழைந்ததும்
இமை பழையபடி இறங்கிவிட்டது.
அவள் ஒரு நேரோ வாங்கி என் பக்கம் தள்ளினாள்.
தாடையைக் கையால் தாங்கி
மெல்ல விழுங்கினேன்.
ஈரக்கோணி வாடை இல்லை.
நல்ல காப்பி.
யாரும் எழுதிக்கொள்ளவில்லை.